ஓடும் பட்டி

முள் ஆழமாக இறங்கியிருந்தது. நாயின் முன்னங்காலை மடியில் வைத்து, பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள் பசாதி. நாயின் தலை அவளுடைய அப்பா மொஸேகியின் கைக்குள் இருந்தது. வாசலில் குளிர்கால வெயிலைப் பார்த்துப் பாய் விரித்து அவரைப் படுக்கவைத்து ஒன்பது நாளாகிறது. எழுந்து உட்கார முடியாது. ஆனாலும் அவர் தலையைப் பிடித்தால்தான் அந்தப் பெட்டை நாய் காலைக் கொடுக்கும்.

"இழுக்காத. சாய்ச்சு எடு," என்றார் மொஸேகி. குரலில் பாதி காற்றாகவே வந்தது.

"தெரியும்பா."

"தெரிஞ்சிருந்தா இந்நேரம் வந்திருக்குமே."

பசாதிக்குச் சிரிப்பு வந்தது. சுரங்க வேலைக்குப் போய் வாங்கி வந்த இருமல் மனுஷனை உரித்துப் போட்டிருந்தது. வாயை மட்டும் விட்டுவைத்திருந்தது.

அந்த ஊரில் நாய்க்குப் பெயர் வைப்பது கூப்பிடுவதற்காக மட்டும் அல்ல. அடுத்தவனிடம் நேரில் சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்துவிட்டு, காலையும் மாலையும் உரக்கக் கூப்பிடலாம். யாரும் சண்டைக்கு வர முடியாது. இந்தப் பெட்டையின் பெயர் 'பேசட்டும்'. அதன் குட்டிகளாகப் பிறந்து வளர்ந்த இரண்டு கடுவன்களும் 'பசிக்கல', 'நாளைக்குப் பாரு'. மூன்றுமே ஒரே ஆளுக்குச் சொன்ன பதில்கள்தான். அந்த ஆள் மொஸேகியின் மைத்துனர் கெனோசி. அறுபது மாடு வைத்திருப்பவர். தங்கையை ஒரு நாய்க்காரனுக்குக் கொடுத்துவிட்டோமே என்று முப்பது வருஷமாக ஊரைக் கூட்டி வருத்தப்படுபவர்.

மொஸேகிக்கு ஒரு மாடுகூடக் கிடையாது. நாய்கள் பிடித்துக் கொடுத்ததைக் கொண்டுதான் கல்யாணம் செய்தார், பிள்ளை வளர்த்தார், பஞ்சத்தைத் தாண்டினார். "ஒரு ஆம்பளைக்குப் பட்டி வேணாமா? உன் பட்டி எங்கடா?" என்று கெனோசி கேட்கும்போதெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "என் பட்டி ஓடுற பட்டி மச்சான். காலையில தொறந்து விட்டா சாயங்காலம் கறியோட வரும்."

"எடுத்ததும் காட்டு," என்றார் இப்போது.

எப்போதும் அப்படித்தான். முள்ளைப் பார்த்து நாய் எங்கே ஓடியது என்று சொல்வார். வெள்ளையாக நீளமாக இருந்தால் வெண்பள்ளத்தின் ஓரம். கொக்கியாக இருந்தால் மணல்மேடு. பசாதி நகத்தை வைத்து நெம்பினாள். முள் வந்தது.

"வெள்ளை முள்ளுப்பா. பள்ளத்துக்குப் போயிருக்கா, கழுதை," என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

அவர் கை நாயின் தலைமேல் அப்படியே இருந்தது. நாய் அசையாமல் நின்றது. நாய்க்கு முன்பே தெரிந்துவிட்டது போலிருந்தது. பசாதி முள்ளை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அதைத் தலைத்துணியில் செருகிக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டாள்.

*

கெனோசி மாலைக்குள் வந்துவிட்டார். ஒரு கையில் செம்மறை நிறத்தில் பெரிய காளை, இன்னொரு கையில் சங்கிலியோடு அவருடைய நாய். உண்மையாகவே அழுதுகொண்டு வந்தார். காளையை வாசல் மரத்தில் கட்டும்போதும் அழுதார். கட்டு இறுகியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்தும் பார்த்தார்.

"தங்கச்சி, நீ ஒண்ணுக்கும் கவலப்படாத. நான் இருக்கேன்ல," என்று வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார். அம்மா உள்ளே தரையில் விரித்த பாயில், போர்வையை இழுத்து மூடி உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடியும்வரை வெளியே வரக் கூடாது.

பசாதி காளையைப் பார்த்தாள். நல்ல காளைதான். ஆனால் மாமாவுடையது.

செத்தவனுடைய பட்டியிலிருந்து ஒரு உருப்படியை வெட்டுவார்கள். புதுத்தோலில் அவனைச் சுற்றுவார்கள். கறியை உப்பில்லாமல் வேகவைத்து, அடக்கத்துக்கு வந்த எல்லோரும் சாப்பிடுவார்கள். அவன் ஊருக்குப் போடும் கடைசிச் சோறு அது. அடுத்தவர் பட்டியிலிருந்து வெட்டினால், தன் சாவுக்கே விருந்தாளியாகப் போகிறான் என்று அர்த்தம். முப்பது வருஷமாக மைத்துனர் வீட்டுப் பாலைக்கூட வாங்கிக் குடிக்காத மனிதர், இனி அந்த மைத்துனரின் மாட்டுத்தோலுக்குள் படுக்க வேண்டும்.

"மாமா, காளை வேணாம்," என்றாள்.

"வேணாமா? அப்ப எதை வெட்டுவ? கோழியையா?"

"அப்பாவோட பட்டியிலேர்ந்து வெட்டுவோம்."

வாசலில் இருந்த ஆண்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். கெனோசி சுற்றிலும் பார்த்தார். ஒரு கழுதை வண்டி, இரண்டு கழுதை, மூன்று நாய்.

"அப்பாவோட நாயி நிறுத்துனா அது அப்பாவோட கறி," என்றாள் பசாதி. "ஈட்டி யார் கையில இருந்தா என்ன? இந்த ஊர்ல எப்பவும் அதான வழக்கம். நாளைக்குக் காலையில நாய்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"செத்தவனுக்கு ஏது நாய்?"

"இன்னும் அடக்கம் பண்ணல. மண்ணு விழுற வரைக்கும் இது அவரோட வீடு, அவரோட நாயி."

யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் மறுக்க ஒன்றும் இல்லை. விரட்டிப் போன மிருகத்தை எந்த நாய் முதலில் மறித்து நிற்கவைக்கிறதோ, அந்த நாயின் சொந்தக்காரனுக்குத்தான் கறி. குத்தினவனுக்கு ஒரு முன்தொடை.

"பொம்பள போவாளா வேட்டைக்கு? அதுவும் தீட்டு வீட்டுலேர்ந்து?" என்றார் கெனோசி.

"நாய் என் குரலுக்குத்தான் வரும் மாமா. கஞ்சி ஊத்துனது நான். ஈட்டி உங்க மாப்பிள்ளை கையில இருக்கும்."

மாப்பிள்ளை என்றால் பசாதியின் கணவன் தீரோ. பாட்டுக்குப் பேர் போனவன், ஈட்டிக்கு அல்ல. கூட்டத்தில் ஒருவர் இருமினார். அது இருமல் அல்ல என்று தீரோவுக்கும் தெரிந்தது.

கெனோசி யோசித்தார். "சரி. நாளைக்கு வெயில் உச்சிக்கு வர்ற வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல காளை விழும். நாளன்னிக்கு விடிஞ்சதும் அடக்கம், தோல் வேணும்ல." அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. சொன்னதைச் செய்யும் மனிதர்தான். அதுவே பசாதிக்குப் பயமாக இருந்தது.

அவருடைய நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு 'பேசட்டு'மை முகர்ந்து பார்க்கப் போனது. நான்கு வருஷத்துக்கு முன் அதன் வயிற்றில் பிறந்ததுதான். கெனோசி ஆசைப்பட்டுக் கேட்டதால் மொஸேகி கொடுத்தார். ஜில்லா கமிஷனரின் தொப்பியை எட்டத்தில் பார்த்ததிலிருந்து அவர்மேல் கெனோசிக்குப் பெரிய மதிப்பு. நாய்க்குக் 'கமிஷனர்' என்று பெயர் வைத்து, பித்தளை வளையம் போட்ட கழுத்துப்பட்டை வாங்கிப் போட்டார். குட்டியை யாரும் அங்கே விலைக்கு விற்பதில்லை. அது முதன்முதலாக நிறுத்தும் மிருகம் முழுசாகத் தாய்நாயின் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அதற்குப் பிறகுதான் நாய் வாங்கியவனுக்குச் சொந்தம். கிழக்குத்தெருக் கொல்லன்கூட, குட்டி வாங்கிப் போன மறுவருஷமே, ஒரு சின்ன மானைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மொஸேகியின் வாசலில் இறக்கி வைத்தான். கமிஷனரோ பட்டி வாசலில் கட்டிக் கிடந்தான், பால்கஞ்சி குடித்தான், குரைத்தான்.

எல்லோரும் நகர்ந்த பிறகு பசாதி வீட்டுக்குள் போய் அம்மா எதிரில் உட்கார்ந்தாள். அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

"அவரோட தண்ணிக் குடுவை தூணுல தொங்குது," என்றாள் கடைசியில்.

*

விடியும்போது புல்லின்மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. ஊரைத் தாண்டி வெண்பள்ளத்தின் விளிம்புக்கு வந்தபோதுதான் பசாதி பின்னால் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாய்க்குப் பின்னால் நாலாவதாக ஒன்று வந்தது. கழுத்தில் பித்தளை மின்னியது.

"இவன் எப்படி வந்தான்?"

தீரோ கழுதையின் காதைத் தடவினான்.

"உன்னத்தான் கேக்குறேன்."

"சங்கிலியை நாந்தான் அவுத்தேன். முறைக்காத. இருக்குறது மூணு நாயி, அதுல ஒண்ணு நொண்டி. குகாமா மானோட கொம்பு எவ்வளவு நீளம்னு தெரியுமா உனக்கு? என் வயித்துல வெச்சு அளந்து பாரு, முதுகு வழியா வந்துரும்."

"அறிவு இருக்கா? இவன் நிறுத்துனா அது மாமாவோட கறி! அதுக்குக் காளையவே வெட்டிட்டு வீட்ல உக்காந்திருக்கலாமே!"

"இவனா நிறுத்தப் போறான்? இவன் கோழியையே விரட்டுனதில்ல."

"கட்டு இவனை. கழுதையோட சேத்துக் கட்டு."

தீரோ கட்டினான். கையில் இருந்தது கறி கட்டுவதற்காகக் கொண்டுவந்த தோல்வார். நாயைத் தோல்வாரால் கட்டினவன் அந்தச் சீமையிலேயே தீரோ ஒருவன்தான். அப்போது இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

பள்ளத்தின் அந்தப் பக்கத்தில் தடம் கிடைத்தது. ஒற்றைக் குகாமா, கடுவன். இரவெல்லாம் காட்டுத் தர்ப்பூசணியை மேய்ந்துவிட்டு விடியலில்தான் நகர்ந்திருந்தது. மாட்டளவு உடம்பும் ஆளுயரத்துக்கு நேரான இரண்டு கொம்பும் உள்ள மான் அது. நாய்களைப் பார்த்தால் கொஞ்ச தூரம்தான் ஓடும். பிறகு முதுகைப் புதருக்குக் கொடுத்து, தலையைத் தாழ்த்தி நின்றுவிடும். நின்ற குகாமாவின் முன்னால் போனவர்களில் சிலர் திரும்பி வந்ததில்லை.

பசாதி குனிந்து 'பேசட்டு'மின் காதருகில், அப்பா செய்வதுபோலவே, நாக்கை மேலண்ணத்தில் தட்டினாள். நாய் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தது. பிறகு போய்விட்டது. மற்ற இரண்டும் பின்னால் பறந்தன.

பசாதி ஓடினாள். காலுக்குக் கீழே மணல் உள்வாங்கியது, குளிர் மூக்கை அறுத்தது, ஆனால் உடம்பில் எங்கும் களைப்பு இல்லை. எதையும் நாம் பிடித்துவிடலாம் என்றிருந்தது. காதை மட்டும் கூர்மையாக வைத்துக்கொண்டாள். ஓடுகிற நாயின் குரைப்பு வேறு, நிறுத்திய நாயின் குரைப்பு வேறு. மூன்று குரலும் அவளுக்கு அத்துப்படி. 'நாளைக்குப் பாரு' கீச்சுக்குரலில் ஓடிக்கொண்டிருந்தான். 'பசிக்கல' இடது பக்கம் வளைந்தான். பெட்டை நொண்டியதால் பின்தங்கியிருந்தாள்.

அப்போது அவளுடைய வலது பக்கத்தில் ஏதோ சீறிக்கொண்டு தாண்டிப் போனது. கழுத்தில் பித்தளை. வாயோரத்தில் ஒரு துண்டுத் தோல்வார் தொங்கியது.

"கமிஷனரே! டேய்! வாடா இங்க!"

கமிஷனர் யார் பேச்சையும் கேட்கும் நிலையில் இல்லை. நான்கு வருஷம் சங்கிலியில் சேர்த்து வைத்த ஓட்டத்தை ஒரே காலையில் ஓடிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் மேட்டுக்கு அப்பால் நிறுத்திய குரைப்பு கேட்டது. கனத்த, ஓரிடத்தில் நின்ற குரல். அது அவளுடைய மூன்றில் எதுவும் இல்லை. பசாதி ஓட்டத்தை நிறுத்தாமலே, "அடப் பாவி," என்றாள்.

குகாமா முள்மரத்தில் பின்பக்கத்தைச் சாய்த்து நின்றது. அதன் முகத்துக்கு நேரே கமிஷனர் தாவித் தாவி நின்றான். மற்ற இரண்டு கடுவன்களும் வந்து சேர்ந்துகொண்டன. கொம்பு சுழலும்போதெல்லாம் காற்று கிழியும் சத்தம் கேட்டது. கடைசியாக வந்த 'பேசட்டும்' ஒரு சத்தமும் போடாமல் பின்னால் போய், குகாமாவின் பின்னங்காலில் ஒரு கடி கடித்தாள். குகாமா திரும்பியது. விலா தெரிந்தது.

"இப்ப!" என்று கத்தினாள் பசாதி.

தீரோவின் முதல் ஈட்டி மரத்தில் குத்தியது. இரண்டாவது இறங்கியது, முன்காலுக்குப் பின்னால், எங்கே வேண்டுமோ அங்கே. எல்லாம் அடங்கியபின் தீரோ மணலில் உட்கார்ந்து தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

பசாதி நுரையீரலை அறுத்து நாய்களுக்குப் போட்டாள். மனுஷருக்கு முன் நாய்களுக்கு. நிறுத்தியவனுக்கு முதல் துண்டு. அப்பாவின் முறை அதுதான். முதல் துண்டைக் கமிஷனருக்குப் போட்டாள்.

*

கழுதைகள்மேல் கறியை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் தீரோ பேசிக்கொண்டே வந்தான்.

"யாரு பாத்தா? நானும் நீயும். நாயா வந்து சாட்சி சொல்லப் போகுது? பேசட்டும் நிறுத்துனான்னு சொல்லு, முடிஞ்சுது."

"அம்மா கேப்பா."

அதுதான் விஷயம். மொஸேகி வேட்டையிலிருந்து வரும்போதெல்லாம் அம்மா கேட்டது ஒரே கேள்வி. என்ன கிடைத்தது என்றோ எவ்வளவு என்றோ கேட்க மாட்டாள். 'யாரு நிறுத்துனது' என்பாள். மொஸேகி பிறர் நாய்களையும் கூட்டிப் போகிறவர். அந்தக் கேள்விக்கு அவர் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பசாதி இன்னும் கொஞ்சம் சதை போட்டு வளர்ந்திருப்பாள்.

"துக்கத்துல இருக்கா. இன்னிக்குக் கேக்க மாட்டா," என்றான் தீரோ.

"கேப்பா."

"சரி, கேட்டா என்ன சொல்லுவ?"

கடித்து அறுத்த வாரின் மிச்சத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் பெருமையாகப் போகும் கமிஷனரைப் பார்த்தபடி பசாதி நடந்தாள். பள்ளத்தின் பாதியில் திடீரென்று சிரித்துவிட்டாள். செத்த வீட்டுக்காரி சிரிக்கலாமா என்று வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

"என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ வாயத் தொறக்காத. நடையக் கட்டு."

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வாசலில் காளையின் கொம்பில் கயிறு போட்டு, நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கழுதைகளைப் பார்த்ததும் கயிறு தளர்ந்தது. யாரோ நீண்ட கொம்பைத் தொட்டுப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். கெனோசி வாயைத் திறக்குமுன் வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. நேற்றிலிருந்து ஊர் கேட்கும்படி அவள் பேசிய முதல் பேச்சு அது.

"யாரு நிறுத்துனது?"

தீரோ கண்ணை மூடிக்கொண்டான்.

"கமிஷனர்ம்மா," என்றாள் பசாதி.

கெனோசி தன் நாயைப் பார்த்தார். அதன் மார்பில் காய்ந்த ரத்தம் இருந்தது. அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"என் நாயா? என் கமிஷனரா?" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப கறி என்னோடது. பரவால்ல, பரவால்ல. நான் குடுத்ததாவே இருக்கட்டும். காளைக்குப் பதிலா இதையே எடுத்துக்கங்க. தோலும் இதுவே. எல்லாம் ஒண்ணுதான?"

"ஒண்ணு இல்ல மாமா," என்றாள் பசாதி. "ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. கமிஷனர் இதுக்கு முன்னாடி எதை நிறுத்தியிருக்கான்?"

"எதையா? அவன் நிறுத்தாதது என்ன இருக்கு?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

கொல்லன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற ஆண்களும் பார்த்தார்கள். ஒரு பொய் போதும். மேய்ச்சல் காட்டில் யாரும் பார்க்காதபோது ஒரு மானை நிறுத்தினான் என்று சொன்னால், இல்லை என்று சொல்ல ஆள் கிடையாது. பசாதிக்கும் அது தெரியும். கழுதையின் கயிற்றைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வலித்தன. அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். இப்போது அவர் முறை.

கெனோசி வீட்டு வாசலைப் பார்த்தார். உள்ளே இருட்டில் அவர் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், போர்வைக்குள், மொஸேகி.

"இல்ல," என்றார். "இதுதான் முதல் தடவை."

பிறகு தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். மொஸேகிக்காக அவர் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"அப்ப இது தாய்நாய் வீட்டுக் கறி," என்றார் கெனோசி. பிறகு தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "மொஸேகி பட்டியோட கறி. கத்தியக் கொண்டாங்க, ஏன் மரம் மாதிரி நிக்குறீங்க?"

உள்ளே அம்மா அழுதாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். பசாதி கழுதையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்பாவிடம் ஓடிப்போய் இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

*

மறுநாள் விடிந்ததும் அடக்கம். குகாமாத் தோல் விறைப்பாக இருந்தது. ஆறு பேர் சேர்ந்து மடித்தார்கள். கறுப்பும் வெள்ளையுமான அந்த முகத்தோல் அவருடைய முழங்காலுக்கு மேல் வந்தது. கெனோசிதான் அதை இழுத்துச் சரிசெய்தார். ஊர் முழுக்கச் சாப்பிட்டது. உப்பில்லாத கறியைக் கெனோசி இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

தாய்மாமனுக்குரிய தலையைப் பசாதி கொம்போடு அவர் முன்னால் வைத்தாள்.

"இனிமே கமிஷனர் உங்க நாயிதான் மாமா. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நேத்து வரைக்கும் யாரோடதாம்?" என்றார் அவர். பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். காளை, சாகாமல் தப்பிய எந்தச் சந்தோஷமும் இல்லாமல், அவர் பின்னால் வீட்டுக்குப் போனது. கமிஷனர் சங்கிலியில்லாமல் கூடவே ஓடினான்.

கூட்டம் கலைந்தபின் பசாதி வாசலைப் பெருக்கினாள். பாய் கிடந்த இடத்தில் மண் இன்னும் வழவழப்பாக இருந்தது. 'பேசட்டும்' நொண்டிக்கொண்டே வந்து, அந்த இடத்தின் ஓரத்தில் நின்று, முன்னங்காலைத் தூக்கியது. அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

பசாதி துடைப்பத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு கையால் நாயின் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நாய் விட்டுக்கொடுத்தது. இழுக்காமல், சாய்த்து எடுத்தாள். சின்ன முள், கொக்கி போல் வளைந்திருந்தது.

அதைக் காட்டத் திரும்பினாள்.